மந்திரி தேனெடுக்கப் போன கதை

நான் சொல்றது அத்தனையும் சத்தியம். பொய்யின்னா என் எருமை பால் வத்திப்போகட்டும். எங்கிட்ட எருமையே இல்லைங்கிறது வேற விஷயம்.

தும்பலூர் ராசா தன் மலைக்காட்டுக்குக் காவல் போட்டாரு. யாரும் ஒரு சுள்ளி எடுக்கப்படாது. சரி, காட்டை யாரு பாத்துக்கிறது? மந்திரி ஏகாம்பரம் யோசனை சொன்னாரு.

"கூட்டுப் பராமரிப்பு ராசா. அரமனையும் மலைசனமும் பங்காளி."

என்ன கூட்டு தெரியுமா? தீ அணைக்கிறது, யானை விரட்டுறது, பாறையில தொங்கித் தேனெடுக்கிறது, எல்லாம் மலைசனம். கெடைக்கிற தேன், கடுக்கா, கெழங்குல பத்துக்கு ஒம்பது பங்கு அரமனைக்கு.

மலைசனத்து மூப்பன் ஜடையன் சபைக்கு வந்தாரு. "ஒத்தப் பங்குல புள்ளகுட்டி பொழைக்காது சாமி. நாங்க வேற மலைக்குப் போயிடுறோம்."

"போயேன்டா. உன்னைப் பங்காளின்னு கூப்பிட்டதே பெரிசு," ன்னாரு மந்திரி.

ராசாவுக்குத் திக்குன்னுச்சு. இவங்க போயிட்டா கோடையில காடு கரியாயிடும். பக்கத்துல இருந்த கோட்டிமுத்துவைப் பாத்தாரு. அரமனைச் சோத்தைத் தின்னுட்டு அரமனையையே நக்கலடிக்கிறதுதான் அவன் உத்தியோகம்.

"அருமையான கூட்டு ராசா," ன்னான் கோட்டிமுத்து. "போட்ட மந்திரி கையாலயே மொதத் தேனெடுக்கட்டும். ராசி."

ராசா தலையாட்டிட்டாரு. மந்திரி எப்படி மாட்டேம்பாரு?

மறுநாள் பாறை உச்சி. ராசாவும் வேடிக்கை பாக்க வந்துட்டாரு. மந்திரி இடுப்புல கயிறு. "யாரு பிடிப்பா?" ன்னு கேட்டாரு.

"கூடப்பொறந்தவன் கையில கூட நாங்க கயித்தைக் குடுக்கமாட்டோம் சாமி," ன்னாரு ஜடையன். "மச்சான்தான் பிடிக்கணும். கயிறு நழுவுனா அவன் தங்கச்சி தாலியில்ல போகும்."

"மந்திரிக்கு மச்சான் இல்லை. பங்காளி நீங்களே பிடிங்க," ன்னான் கோட்டிமுத்து.

எறக்குனாங்க. கயித்தோட மறுமுனையை மரத்துல கட்டியிருந்தது மந்திரிக்குத் தெரியாது. பாதியில தொங்குறப்ப அண்ணாந்து பாத்தாரு. ஜடையன் ஒவ்வொரு வெரலா எடுக்குறாரு. கடைசியில ஒத்த வெரல்தான் கயித்து மேல.

"டேய், என்னடா பண்ற?"

"அவர் பங்குக்கு அவர் பிடிக்கிறாரு," ன்னு எட்டிப்பாத்தான் கோட்டிமுத்து. "மிச்ச ஒம்பது வெரல் அரமனையோடது. அரமனை ஆளுங்க தேனீயைப் பாத்து ஓடிட்டாங்க."

"பாதிப் பாதி வச்சுக்கலாம் ஜடையா!"

அஞ்சு வெரல் வந்துச்சு. தேனீயும் வந்துச்சு.

"பத்தும் உங்களுக்கே மச்சான்! தூக்குங்க மச்சான்!"

பத்து வெரலும் பிடிச்சு மேல தூக்குனாரு ஜடையன். மந்திரி மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கியிருந்துச்சு.

ராசாவுக்குச் சிரிப்பு அடங்கல. "மந்திரி வாக்குன்னா என் வாக்கு. பத்தும் அவங்களுக்கே. ஏன்டா கோட்டி, அப்ப எனக்குத் தேன்?"

"ஜடையன்கிட்ட கேளுங்க ராசா, குடுப்பாரு. கேக்கறப்ப மட்டும் தரையில நின்னு கேளுங்க."

ராசா தன் பட்டுச் சால்வையை எடுத்து கோட்டிமுத்து தோள்ல போட்டாரு.

கதை முடிஞ்சுது. யாரும் எந்திரிக்காதீங்க. ஆளுக்கு ரெண்டு முறுக்கு எனக்கு எடுத்து வைங்க. சிரிச்சவங்க மூணு.