கூச்சப்படும் கோழிகள்

அந்தக் காலத்து ரோமானியத் தளபதிகள் கோழியைக் கேட்காமல் போருக்குப் போனதில்லை. கூண்டுக்கோழிகள் இரையைக் கொத்தினால் தெய்வத்துக்குச் சம்மதம். அன்று காலை ஒன்றுகூடக் கொத்தவில்லை.

கோழி மேய்க்கும் அடிமை வெரினுஸைத் தளபதி முறைத்தார். "மதியத்துக்குள் தின்ன வேண்டும். இல்லையென்றால் உன் தலை இருக்காது."

"பட்டினி கிடக்கிறவர்கள் முன்னால் தின்ன அதுகளுக்குக் கூச்சம், ஐயா. மூன்று நாளாகப் படைக்கு ஆளுக்கு அரை ரொட்டிதானே."

தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு, தன் கூடாரத்தில் பதுக்கியிருந்த கோதுமை மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னார். கஞ்சி காய்ச்சிப் படை முழுக்கக் குடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. கோழிகள் பாய்ந்து பாய்ந்து கொத்தின.

"காலையில் ஏனப்பா தின்னவில்லை?" என்று கஞ்சி ஊற்றிய வீரன் காதோடு கேட்டான்.

"விடியுமுன்னே என் ரொட்டியை அதுகளுக்குப் போட்டுவிட்டேன். நேற்றையதையும் சேர்த்து," என்றான் வெரினுஸ்.

வீரன் அவன் கிண்ணத்தை வாங்கி, வழிய வழிய ஊற்றினான்.