பெரிய அருவியில் போட்ட முடிச்சு

ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்ததும் குரு தம் சீடர்கள் இருவரோடு மலை ஓடை வழியாகவே அடிவாரத்துக்கு இறங்குவார். ஓர் இரவு பாறையில் தங்கல். சுமை அதிகம் கூடாது. ஒரு கயிறு, கொஞ்சம் அவல், வெல்லம், மூவருக்கும் சேர்த்து ஒரே போர்வை.

சீடர்கள் சடையப்பனும் மாசிலாமணியும் சிறு வயது முதல் நண்பர்கள். போன வருஷம் பெரிய அருவியில் மாசிலாமணி போட்ட முடிச்சு அவிழ்ந்து சடையப்பன் விழுந்தான். இடது கால் இன்னும் நொண்டுகிறது.

இந்த முறை பகல் முழுவதும் மடுக்களில் குதித்தும் பாறைகளில் சறுக்கியும் இறங்கினார்கள். சாயங்காலம் மாசிலாமணி அவலை நனைத்தான்.

“குருவே, இவனோடு நான் வருவது இதுதான் கடைசி,” என்றான் சடையப்பன். “ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டானா?”

“கேட்டால் கால் நேராகிவிடுமா?” என்றான் மாசிலாமணி.

“கேட்டுப் பாரேன்டா, ஆகிறதா என்று.”

மாசிலாமணி குனிந்து அவலைப் பிசைந்தான்.

சடையப்பன் குருவிடம் திரும்பினான். “கோபத்தை விடு என்றுதானே நீங்களும் சொல்லப்போகிறீர்கள்?”

“பசிக்கிறது. வெல்லம் எங்கே?” என்றார் குரு.

போர்வைக்குள் அவர் நடுவில் படுத்துக்கொண்டார்.

காலையில் பெரிய அருவி வந்தது. மாசிலாமணி மரத்தில் கயிற்றைக் கட்டினான்.

“முதலில் நான் இறங்குகிறேன்,” என்றான்.

சடையப்பன் நொண்டிக்கொண்டே போய் முடிச்சைப் பிடித்தான்.

“பார், நன்றாகப் பார். கண்ணாடி கொண்டுவரவில்லையா?” என்றான் மாசிலாமணி.

சடையப்பன் இழுத்தான். முடிச்சு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. மாசிலாமணியின் முகம் வெளுத்துவிட்டது.

சடையப்பன் அவனைத் திட்டிக்கொண்டே அதை அவிழ்த்து வேறு முடிச்சுப் போட்டான். இழுத்தான். அசையவில்லை. பிறகு நல்ல காலைப் பாறையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து மறுபடி இழுத்தான்.

“போ,” என்றான்.

மாசிலாமணி இறங்கினான். சற்று நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது.

“டேய் சடையா! நடுவில் பாசி இருக்கு. இடது காலை ஊன்றாதே. நான் இங்கேயே நிற்கிறேன்!”

சடையப்பன் கயிற்றைப் பிடித்தான். இறங்கவில்லை.

“குருவே, என் கோபம் போகவில்லை. முடிச்சுப் போடும்போதும் திட்டிக்கொண்டேதான் போட்டேன்.”

“காதில் விழுந்தது.”

“பிறகு ஏன் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை?”

“நீ போட்ட முடிச்சு முதல் இழுப்பிலேயே உறுதியாக நின்றுவிட்டது,” என்றார் குரு. “இரண்டாவது முறை எதற்கு இழுத்தாய்?”