நாலாவது டம்ளர்

"பிள்ளைங்க ஓட மாட்டேங்குதுங்க டீச்சர். நானும் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துட்டேன்" என்றார் தேவசகாயம்.

ஹவுசிங் போர்டு பிள்ளைகளுக்கான மாலை மையத்தில் விளையாட்டுப் பயிற்சி கொடுக்க அவர் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் நாள் நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். இப்போது ஒன்பது. இப்படியே போனால் மாதக் கடைசியில் மைதானம் கார் நிறுத்தும் இடமாகிவிடும். ஆனாலும் மனுஷர் விடுகிற ஆள் இல்லை.

வேலை கற்றுக்கொள்ள அவர் தேடிப் போனது பிலோமினாவை. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அடுத்த பேட்டையில் இருநூறு பிள்ளைகளை ஓட வைத்தவள்.

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது என்ன சார்?"

"டீதான். ஒரு டீக்குச் சொத்தையே எழுதி வைக்கிற ஆளு நான்."

"நாளைக்கு வர்றேன். நீங்க செய்யிற ஒவ்வொரு தப்புக்கும் ஒரு டம்ளர் டீ. மறுக்காமக் குடிக்கணும்."

கரும்பு தின்னக் கூலியா! தேவசகாயம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

மறுநாள் பிலோமினா பெரிய ஃபிளாஸ்கோடு வந்து மைதான ஓரத்தில் உட்கார்ந்தாள். டம்ளரும் சொம்பு மாதிரி இருந்தது.

பந்துக்குக் காற்றடிக்க மறந்திருந்தார்.

"தப்பு. குடிங்க."

ரசித்துக் குடித்தார்.

ஒரு பையனைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டார்.

"தப்பு. குடிங்க."

விசிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். மூன்றாவது டம்ளர். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு மானம் போனது.

அப்போது அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான ஜெபராணி மூச்சிரைக்க வந்தாள். லாரித் தண்ணீரைப் பிடித்து நாலு மாடி ஏற்றிவிட்டு வருகிறாள். சுடிதார் நனைந்திருந்தது.

"லேட்டு! மூணு ரவுண்டு ஓடு!"

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓடத் தொடங்கினாள்.

பிலோமினா நாலாவது டம்ளரை நிரப்பினாள்.

"இதுல என்ன டீச்சர் தப்பு? லேட்டா வந்தா மூணு ரவுண்டு. பந்தை விட்டா ரெண்டு. பேசினா ஒண்ணு. எங்க வாத்தியார் எனக்குச் செஞ்சதுதானே?"

"குடிங்க சார்."

டம்ளரை வாங்கினார். ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறியது. குமட்டியது.

"போதும் டீச்சர்! இனிமே டீன்னாலே எனக்கு..."

பாதியில் நிறுத்திவிட்டு மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார்.

ஜெபராணி இரண்டாவது சுற்றில் இருந்தாள். இன்னும் தலை நிமிரவில்லை.

தேவசகாயம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தொப்பை குலுங்க அவள் பின்னால் ஓடினார்.

"நில்லும்மா! ஓடாதே! உனக்குப் புண்ணியமாப் போகும், ஓடாதே!"