சுங்க அதிகாரியும் சிவப்புப் படமும்

சிங்காரவேலு சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலையை விட்டாலும் சோதனை போடும் வழக்கம் அவரை விடவில்லை. தியானம் சொல்லிக்கொடுக்கும் மீனலோசனி அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அவரையும் ஆறு மாதம் சந்தேகப்பட்ட பிறகுதான் ‘அம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின், சிங்காரவேலு ஓர் அட்டைக் குழாயிலிருந்து ஒரு படத்தை உருவித் தரையில் விரித்தார். உருவம் எதுவும் இல்லாத ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதி. சிவப்பும் சாம்பலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

“அம்மா, இது தரமான பிரதியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“நீங்க என்னென்ன பார்த்தீங்க?”

“பூதக்கண்ணாடி வச்சு அச்சுப் புள்ளி தெரியுதான்னு பார்த்தேன். ஓரத்துல ஈரப்பஞ்சு வச்சுத் தேய்ச்சேன். இதுக்கு முன்னாடி வாங்கினதைப் பாதி மூடி மாடி வெயில்ல போட்டு வச்சேன்.”

“சாயம் போச்சா?”

“போகல. ஆனா கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டேன்னுட்டான். நல்ல சரக்குன்னா வாங்கியிருப்பானே?”

“இது?”

“இது வேற கடை. இவன் எப்ப வேணா திருப்பிக் கொடுங்கங்கிறான். அதான் இன்னும் சந்தேகமா இருக்கு.”

மீனலோசனிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“யாருக்கு இந்தப் படம்?”

“என் சம்சாரத்துக்கு. கண்காட்சியில அசலைப் பார்த்துட்டு நகர மாட்டேன்னு நின்னா. அதை யாரோ வெளிநாட்டுக்காரர் வாங்கிட்டுப் போயிட்டார். பக்கவாதம் வந்து படுத்ததுலேர்ந்து அதையே கேட்டுக்கிட்டிருக்கா.”

“நீங்க அசலைப் பார்த்தீங்களா?”

“நான் வெளியில காருக்குக் காவல் இருந்தேன்.”

“இதை அவங்ககிட்ட காட்டினீங்களா?”

“எப்படிம்மா காட்டுறது? மட்டமான சரக்குன்னா மனசு உடைஞ்சு போயிடுவா. உறுதி பண்ணிட்டுக் காட்டலாம்னு இருக்கேன்.”

மீனலோசனி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். “வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

அவர் மனைவி கோமளவல்லியின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. படம் மாட்டுவதற்காக ஆடி மாதத்தில் அடித்தது. இப்போது மாசி.

சிங்காரவேலு படத்தைப் பிரித்து, தயங்கித் தயங்கி, ஆணிக்குக் கீழே பிடித்தார். கோமளவல்லியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரமானது.

“தலைகீழா... பிடிச்சிருக்கீங்க.”

அவர் அவசரமாகத் திருப்பிப் பிடித்தார். கோமளவல்லி பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்தது.

“சிவப்பு சரியா இருக்கா? மறைக்காம சொல்லு.”

“அசல்ல... இன்னும் கொஞ்சம்... அடர்த்தி.”

சிங்காரவேலுவின் முகம் மலர்ந்தது. கள்ளக்கடத்தல் பிடிபட்ட நாளில்கூட அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

“பார்த்தீங்களாம்மா! நான் அப்பவே நினைச்சேன். நாளைக்கே திருப்பிக் கொடுத்துட்டு வேற கடை பார்க்கிறேன்.”

மளமளவென்று சுருட்டத் தொடங்கினார். கட்டிலிலிருந்து வாதம் தாக்காத கை படத்தை நோக்கி எழுந்தது. சிங்காரவேலு குழாயின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மீனலோசனி படத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, ஆடியிலேர்ந்து இவங்க பார்த்துக்கிட்டிருக்கிறது இந்த வெறும் ஆணியை. ஆணியில எவ்வளவு சிவப்பு இருக்கு?”