சிப் காத்த பாட்டு

"அந்தச் சிப்பை நம்பலாமுங்களா, டீச்சர்?"

கேட்டவர் சீடர் நாச்சிமுத்து. வயது எழுபதை நெருங்குகிறது. மனைவி கோகிலம் இறந்த பிறகு, பொள்ளாச்சியில் சுபத்ரா நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தவர்.

குருவுக்குத் தாடி கிடையாது. சீடரின் வயதில் பாதிகூட ஆகவில்லை. ஆனாலும் அவள் பேச ஆரம்பித்தால் மனுஷன் கையைக் கட்டிக்கொள்வார்.

மேசைமேல் கோகிலத்தின் லேப்டாப் இருந்தது. அவள் போன அதே வாரம் மின்னல் வெட்டி, சார்ஜில் கிடந்த அதன் போர்டு கருகிவிட்டது. கடையில் புது போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். அதுமுதல் திரை நீலமாக நின்றுகொண்டு மீட்பு எண் கேட்கிறது. அப்படி ஒரு எண்ணை அவர் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

உள்ளே கோகிலம் பாடிப் பதிவுசெய்த பாட்டுகள் இருக்கின்றன. அவள் குரல் வேறெங்கும் மிச்சமில்லை.

"எல்லா வழியும் பாத்துட்டேனுங்க ஐயா," என்றாள் சுபத்ரா. "திறக்காது. டிஸ்க்கோட பூட்டுக்குச் சாவி பழைய போர்டுல இருந்த சிப்புக்குள்ள இருந்துச்சு. அதோட போயிருச்சுங்க."

அழுவதைவிடக் கோபப்படுவது நாச்சிமுத்துவுக்குச் சுலபம்.

"அப்ப அது துரோகிதானுங்க."

"அதோட வேலை என்னன்னு படிச்சமுங்களே?"

"வேற மிஷின்ல டிஸ்க்கை மாட்டினா திறக்க விடக் கூடாது."

"புது போர்டும் அதுக்கு வேற மிஷின்தானுங்க. விட்டுச்சுங்களா?"

"விடலீங்க."

"அப்பறம் என்னங்க. நம்பலாம்."

நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"அவ எதுக்குங்க பூட்டி வச்சா? நான் பாக்கக் கூடாதுன்னுங்களா?"

இதைக் கேட்கத்தான் அவர் வகுப்பிலேயே சேர்ந்தார்.

சுபத்ரா தன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி மூடியைத் தூக்கினாள். திரை வெளிச்சமானது.

"இதுலயும் அதே பூட்டு இருக்குது. தெரியுதுங்களா?"

"இல்லீங்க."

"வாங்கும்போதே உள்ள இருந்துச்சுங்க. கோகிலம் அம்மாவோடதும் அப்படித்தான். பூட்டு இருக்கறதே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

நாச்சிமுத்து மூச்சு விட்டார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். அப்போதே கிளம்பியிருந்தால் வீட்டுக்கு நிம்மதியாகப் போயிருப்பார்.

"அதைத் திறக்கறதுக்கு அம்மா பாஸ்வேர்டு ஏதாச்சும் அடிப்பாங்களா?" என்றாள் சுபத்ரா.

"ஒண்ணும் அடிக்க மாட்டாளுங்க. மூடியைத் தூக்குவா, பாட்டு வெப்பா. வந்து கேளுங்கம்பா. எனக்குப் பேப்பர் பாக்கறதுக்கே பொழுது சரியா இருக்கும்."

"அந்தச் சிப்பு நல்லா இருந்த வரைக்கும் யாரையும் ஒண்ணும் கேட்டிருக்காதுங்க. யார் தூக்கினாலும் திறந்திருக்கும். உங்களை ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?"

நாச்சிமுத்து கோகிலத்தின் லேப்டாப் மேல் கையை வைத்தார். மூடியின் ஓரத்தில் அவள் ஒட்டி வைத்த பொட்டு ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

"அவ இருந்த வரைக்கும் நான் இந்த மூடியைத் தூக்கவே இல்லீங்களே."