காயோடு பிரிந்த கிளை

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டைக் கோளரிமாறன் என்றொரு ராஜா ஆண்டான். வீரத்தில் குறைவில்லை, அன்பிலும் குறைவில்லை. பிடிவாதம்தான் கொஞ்சம் கூடுதல். அவன் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால், நாலாவது காலை முயலே மறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவன் மணந்தது மலைநாட்டு இளவரசி பூங்குழைநாச்சியை. சீர்வரிசையாக யானை வந்தது, பொன் வந்தது. அவள் தன் மடியில் வைத்துக் கொண்டுவந்ததோ ஒரு கல்தொட்டி. அதில் முழங்கால் உயரமே வளர்ந்த எலுமிச்சை மரம். ராணிக்கு மூத்தது. அவள் தாய் கிள்ளிக் கிள்ளிக் குட்டையாகவே வைத்திருந்தாள். மாலையானால் ராணி அதை மேற்கு மாடத்தில் வைத்து, தூரத்து மலையைப் பார்த்தபடி மெல்ல ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள்.

“எலுமிச்சையோடு பேசுகிறாள் என் ராணி!” என்று ராஜா சிரிப்பான். சபையும் சிரிக்கும். அமைச்சர் நல்லசிவனார் மட்டும் சிரிக்கமாட்டார்.

ராணி கருவுற்றாள். ஐந்தாம் மாதத்தில் மலைநாட்டிலிருந்து ஆட்கள் வந்து பணிவாகக் கேட்டார்கள்: “தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, மகாராஜா? வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அனுப்பி வையுங்கள்.”

“ஏன், இங்கே மருத்துவச்சிக்குப் பஞ்சமா?” என்றான் ராஜா.

அமைச்சர் ஆம் என்றால் இல்லை என்பதே பிழைப்பாக வைத்திருந்த தளவாய் சூரப்பர் உடனே எழுந்தார். “மலை ஏறிய பெண் திரும்ப இறங்குவாளா? மரத்தை விட்டுப் பிரிந்த கிளை பிழைக்குமா? இதோ காட்டுகிறேன்!”

காய்த்திருந்த ஒரு கிளையை அந்த எலுமிச்சையிலிருந்து வெட்டினார். பொன் சட்டியில் நட்டார், பால் ஊற்றினார். சில நாளில் இலை சுருண்டது, காய்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. ராணி அவற்றை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு அழுதாள்.

“பார்த்தாயா? காயோடு ஒரு கிளை பிரிந்து, காய் உதிராமல் பிழைக்கட்டும். அன்றைக்கு உன்னை அனுப்புகிறேன். வளைகாப்பு வரைதான் கெடு!” என்றான் ராஜா. உண்மையில் அவனுக்குப் பயம். அவள் இல்லாத அரண்மனையை அவனால் நினைக்கவே முடியவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை, சபதம்தான் வந்தது.

அமைச்சர் எழுந்தார். “கிளை பிழைக்கும், மகாராஜா. நான் பொறுப்பு.”

அவர் எதையும் வெட்டவில்லை. மூன்று பிஞ்சு பிடித்திருந்த இன்னொரு கிளையில், ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையை மட்டும் வளையமாக உரித்தார். அந்த இடத்தில் பாசியும் செம்மண்ணும் குழைத்து அப்பி, துணி சுற்றி வாழைநாரால் கட்டினார். “ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாயே” என்று ராணியிடம் ஒப்படைத்தார்.

“மரத்துக்குப் பல்வலியா, அமைச்சரே?” என்று தளவாய் கேட்க, சபை குலுங்கியது.

“வெட்டிவிட்டுக் கட்டுப் போடுவது உங்கள் வழக்கம், தளவாய். நான் கட்டுப் போட்டுவிட்டு வெட்டப்போகிறேன்.”

ராணி தினமும் துணியை நனைத்தாள். பிஞ்சு காயானது. வளைகாப்புக்கு முந்தைய வாரம் சபை நடுவே அமைச்சர் கட்டை அவிழ்த்தார். மண்ணுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாய் வேர்கள்! வேருக்குக் கீழே அறுத்துக் கிளையைப் புதுத் தொட்டியில் நட்டார். வளைகாப்பன்றும் இலை வாடவில்லை. மூன்று காய்களும் அப்படியே நின்றன.

“இது எப்படி?” என்றான் ராஜா.

“தாய்மரத்தின் மடியில் இருக்கும்போதே இதற்கு வேர்விட நேரம் கொடுத்தோம், மகாராஜா. தளவாய் அதைக் கொடுக்கவில்லை.” அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். “நாமும் ராணியாரை ஒரே நாளில் வெட்டித்தான் கொண்டுவந்தோம்.”

ராஜா அரியணையை விட்டு இறங்கினான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். “தளவாய்! ராணி திரும்பும்வரை இந்தக் கிளைக்கு ஆற்றுத் தண்ணீர் உம் தோளில்தான் வரும்!”

பல்லக்கு கிளம்பியது. தாய்மரம் ராணியின் மடியில் போனது. சின்னத் தொட்டியை அவள் ராஜாவின் கையில் வைத்தாள். “காய் பழுக்கும்போது வந்துவிடுவேன்.”

அன்று முதல் தளவாய் தண்ணீர் சுமந்தார், ராஜா ஊற்றினான். காய்கள் மெல்ல மஞ்சளாயின. பறிக்க யாரையும் விடவில்லை. ஒருநாள் மாலை மேற்கு மாடத்தில் தொட்டியை வைத்துக்கொண்டு மலையையே பார்த்து நின்றான். அமைச்சர் வந்ததுகூடத் தெரியவில்லை; உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தவன் வெட்கப்பட்டான்.

“அமைச்சரே, அவளும் இப்படித்தான் ஏங்கினாளா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“தினமும் சொன்னார்கள், மகாராஜா. எலுமிச்சையோடு பேசுகிறாள் என்று நீங்கள்தான் சிரித்தீர்கள்.”

ராஜாவின் கண் நிறைந்தது. மூன்றாவது காயும் பழுத்த வாரத்தில், மலைப்பாதையில் ராணியும் குழந்தையும் வரும் பல்லக்கு தெரிந்தது. அவன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.