காலி பாட்டில்

"மேடம், எனக்கு எப்ப ஸ்கோப்பைத் தனியாத் தருவீங்க?"

கேட்டவரு வேலாயுதம். வயசு அம்பத்தொண்ணு. வயித்துல நாலு ஓட்டை போட்டு, பித்தப்பையைக் கல்லோட உருவி எடுக்கிற சர்ஜன். இருபது வருஷமா அதே வேலை.

கேள்வி போய் நின்னது மெஹருன்னிசாகிட்ட. வயசு முப்பத்தொம்பது. அவங்களுக்கு வயித்தைத் தொடவே வேணாம். வாய் வழியா ஸ்கோப்புங்கிற குழாயை விட்டு, பித்தக்குழாய்ல மாட்டிக்கிட்ட கல்லைக் குடலுக்குள்ள இழுத்து விட்டுடுவாங்க.

பித்தப்பைக்குள்ள சும்மா கெடக்கிற கல்லு ஒரு ரகம். அங்கேருந்து நழுவி வந்து குழாயை அடைச்சுக்கிற கல்லு வேற ரகம். இந்த ரெண்டாவதைக் கத்துக்கத்தான் வேலாயுதம் எட்டு மாசமா அந்தம்மா பக்கத்துல நிக்கிறாரு. அவங்க தந்தா ஸ்கோப்பைப் பிடிப்பாரு. அவங்க கையை நீட்டுனா குடுத்துடுவாரு.

மேடம் திரும்பினாங்க. அலமாரியத் திறந்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து அவரு கையில வச்சாங்க.

"எதுக்கு மேடம்?"

"கோட்டுப் பையில வச்சுக்குங்க சார். என்னிக்காவது ஒரு நாள் இதைக் காலியாவே பேஷண்ட் வீட்டுக்காரங்ககிட்ட காட்டிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

வேலாயுதம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. மூடியத் திறந்து உள்ளயும் எட்டிப் பார்த்தாரு.

டெக்னீஷியன் பெனடிக்ட் சிரிப்பு வந்து மாஸ்க்கைக் கண்ணு வரைக்கும் இழுத்துக்கிட்டாரு.

வேலாயுதம் கல்லு காட்டுற அழகு ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். ஆபரேஷன் முடிஞ்சதும் கல்லைக் கழுவிப் பாட்டில்ல போட்டுக்கிட்டு வெளிய வருவாரு. வீட்டுக்காரங்க மூஞ்சிக்கு நேரா ஒரு ஆட்டு. கலகலன்னு சத்தம்.

"எண்ணிக்குங்கம்மா. முப்பத்தேழு!"

அவங்க கையெடுத்துக் கும்பிடுவாங்க. சில பேரு அதை வீட்டுக்குக் கொண்டு போயி டிவி பக்கத்துல வச்சுடுவாங்க. விருந்தாளி வந்தா முதல்ல கல்லு, அப்புறம்தான் காபி.

டீ டைம்ல பெனடிக்ட் மாத்திரை டப்பாவை வச்சு இதை அப்படியே செஞ்சு காட்டுவாரு. வயித்தை முன்னால தள்ளி, கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி, "எண்ணிக்குங்கம்மா!" ஒரு நாள் வேலாயுதமே பின்னால நின்னு பார்த்துட்டாரு.

"ஆட்டு பத்தலய்யா," ன்னுட்டுப் போயிட்டாரு.

மேடம் ரூம்ல அந்தக் காட்சியே கெடையாது. குடல்ல விழுந்த கல்லு மறுநாள் அது பாட்டுக்கு வெளிய போயிடும். வேலாயுதத்துக்கு மட்டும் மனசு ஆறாது. ஒரே ஒரு கல்லையாவது கம்பிக் கூடையில பிடிச்சு, வாய் வழியா வெளிய கொண்டாந்துடுவாரு. பாட்டில்ல போட.

செவ்வாக்கிழமை காலையில ஏகாம்பரத்தைக் கொண்டாந்தாங்க. பஸ் கண்டக்டர். கண்ணு ரெண்டும் மஞ்சள் கரைச்சு ஊத்துன மாதிரி. குளிர் நடுக்கத்துல ஸ்ட்ரெச்சரே தடதடன்னுது.

பித்தக்குழாய்ல ஒரு கல்லு. சுண்டைக்காயை விடப் பெருசு. அதுக்குப் பின்னால பித்தம் தேங்கி சீழ் வச்சுப் போச்சு. இன்னிக்கே வடிக்கலைன்னா ஆளு தங்க மாட்டாரு.

சம்சாரம் சகுந்தலா கதவுகிட்டயே மறிச்சுக்கிட்டாங்க.

"டாக்டர், ரெண்டு நாளா ஒண்ணுக்கு கடுங்காப்பி கலர்ல போவுது. வாய் ஓயாத மனுஷன், காலையிலேருந்து ஒரு வார்த்தை பேசல."

"பயப்படாதீங்கம்மா." வேலாயுதம் பாட்டில் இருக்கிற பையைத் தட்டிக் காட்டினாரு. "ஒரு மணி நேரம். கல்லை உங்க கையில குடுக்கிறேன்."

மேடம் காதுல விழுந்துது. உள்ள வந்ததும் ஸ்கோப்பை அவரு கையிலயே குடுத்தாங்க.

நல்லாத்தான் செஞ்சாரு. ரெண்டாவது தடவையே கம்பி பித்தக்குழாய்க்குள்ள போயிடுச்சு. குழாய் வாயைக் கொஞ்சமா வெட்டி விட்டாரு. சீழ் பொங்கி வந்துது.

எக்ஸ்ரே திரையில கல்லு உருண்டையா நின்னுது.

"கூடை குடுய்யா."

பெனடிக்ட் மேடத்தைப் பார்த்துக்கிட்டே குடுத்தாரு.

"பி.பி. தொண்ணூறு," ன்னாரு மயக்க டாக்டர்.

"ரெண்டு நிமிஷம்."

கூடையை விரிச்சாரு. கல்லு வழுக்குச்சு. மறுபடி விரிச்சாரு. மறுபடி வழுக்குச்சு.

"எம்பத்தஞ்சு."

"இதோ, இப்ப வந்துடும்."

"ஸ்டென்ட் வச்சிடலாமா சார்?" ன்னாங்க மேடம்.

ஸ்டென்ட்டுங்கிறது ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய். கல்லுக்குப் பக்கத்துலயே சொருகி விட்டா பித்தம் அது வழியா எறங்கிடும். கல்லை அப்புறமா எடுத்துக்கலாம்.

"அது வச்சா கல்லு உள்ளயே இருக்கும் மேடம். நான் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

"எம்பது."

வேலாயுதம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கல. "அட, பிடிச்சுட்டேன் மேடம்... ச்ச, போயிடுச்சு."

மேடம் ஸ்கோப்புக்குக் கையை நீட்டல. ஒரு பச்சைத் துணியை எடுத்தாங்க. எக்ஸ்ரே திரை மேல போத்தி விட்டாங்க.

"மேடம்! கல்லு தெரியல!"

"ஆளு தெரியுதா?"

வேலாயுதம் திரும்பினாரு. அரை மணி நேரத்துல அப்பதான் முதல் தடவையாத் திரும்புறாரு.

ஏகாம்பரம் கவுந்து கெடந்தாரு. உதடு சாம்பலாயிருந்துது. மயக்க டாக்டர் ரெண்டு கையாலயும் அவரு தாடையைத் தாங்கிப் பிடிச்சிருந்தாரு. அவருக்கும் வேர்த்து ஊத்துது.

வேலாயுதம் கூடையை வெளிய உருவுனாரு.

"கூடையை எடுத்துடுய்யா. ஸ்டென்ட் குடு."

மேடம் துணியை எடுத்தாங்க.

மூணே நிமிஷம். குழாய் கல்லைத் தாண்டிப் போயி உக்காந்துது. தேங்கிக் கெடந்த பித்தம் கரும்பச்சையா எறங்குச்சு. சலைன் ரெண்டு பாட்டில் போன அப்புறம் மயக்க டாக்டர் தாடையிலேருந்து ஒரு கையை எடுத்து நெத்தியத் தொடச்சுக்கிட்டாரு.

"தொண்ணூத்தெட்டு."

கதவுக்கு வெளிய சகுந்தலா நின்னாங்க.

வேலாயுதம் பாட்டிலை எடுத்தாரு. திருப்பிப் பையில போட்டாரு. மறுபடி எடுத்தாரு.

"கல்லு எங்க டாக்டர்?"

"உள்ளதாம்மா இருக்கு."

"அப்ப இம்மாம் நேரம் என்னதான் பண்ணுனீங்க?"

"பித்தம் போக வழி பண்ணி விட்டிருக்கேன். காய்ச்சல் எறங்கட்டும். உடம்பு தேறட்டும். ஆறு வாரம் கழிச்சு கல்லை எடுத்துடலாம். பித்தப்பையை அதுக்கப்புறம் எடுக்கலாம்."

"கையில குடுக்கிறேன்னீங்களே."

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதும்மா."

சகுந்தலா பாட்டிலை அவரு கையிலேருந்து வாங்கினாங்க. தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாங்க. ஆட்டியும் பார்த்தாங்க.

"எங்க நாத்தனாருக்கு நாப்பது கல்லு எடுத்தாங்க. எங்களுக்கு ஒண்ணு கூடவா இல்ல?"

வேலாயுதம் இல்லைன்னு தலையாட்டினாரு.

"சரி வுடுங்க. ஆளு இருக்காருல்ல?"

"இருக்காரும்மா."

பாட்டிலைத் தன் கூடைப் பையில போட்டுக்கிட்டு பெஞ்சுல உக்காந்துட்டாங்க. உக்காந்த அப்புறம்தான் அழுதாங்க.

மூணாம் நாள் வேலாயுதம் வார்டுக்குப் போனாரு. வாசல்லயே சத்தம் கேட்டுது.

"யம்மா, படியில நிக்காத, உள்ள வா! பெரியவரே, கொஞ்சம் நகருங்க, டாக்டருக்கு எடம் வுடுங்க! முன்னால காலியாத்தான் கெடக்கு!"

கட்டில்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, பார்க்க வந்த சொந்தக்காரங்களை ஏகாம்பரம் பஸ்ஸுல ஏத்துற மாதிரி வரிசைப்படுத்திக்கிட்டு இருந்தாரு.

சகுந்தலா கட்டிலுக்கு அடியில கையை விட்டாங்க. அதே பாட்டில். இப்ப ரொம்பி இருந்துது.

"பாருங்க டாக்டர். அன்னிக்கு கடுங்காப்பி. இன்னிக்கு எலுமிச்சம்பழ ஜூஸ். எடுத்துட்டுப் போயி உங்க மேடத்துக்கும் காட்டுங்க."

வேலாயுதம் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. வராந்தா முழுக்க அதை ஆட்டாம, அசைக்காம பிடிச்சுக்கிட்டு நடந்தாரு.

மேடம் ரூம்ல பெனடிக்ட் மூக்கைப் பொத்திக்கிட்டாரு.

"சார், இதை எப்படி எண்ணுறது?"

வேலாயுதம் சிரிக்கல. பாட்டிலை மேடம்கிட்ட நீட்டுனாரு.

மேடம் வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாங்க. கொஞ்ச நேரம் பார்த்தாங்க. திருப்பிக் குடுத்தாங்க.

"பெனடிக்ட், நாளைக்கு எத்தனை கேஸு?"

"மூணு மேடம்."

"நான் லீவு."